புல், பூண்டு, தழை

என் அப்பாவின் நண்பர்கள் ஓய்வு பெற்றதும் கப்பலில் அலாஸ்கா போனார்கள். அப்பா 32 ஏக்கர் கல் வாங்கினார். அவர் அதை "நிலம்" என்பார். "கல்லு" என்பது அம்மா வைத்த பெயர். ஆஸ்டினிலிருந்து மேற்கே காரில் இரண்டரை மணி நேரம், டெக்சாஸில் ஜங்ஷன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு எட்வர்ட்ஸ் பீடபூமி என்று பெயர். அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதன்மேல் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிய மாதிரி கொஞ்சம் மண்.

2017-ல் முதல் தடவை அங்கே போனபோது அப்பா காரிலிருந்து இறங்கி, ஒரு முள்மரத்தின் காயைப் பறித்து முகர்ந்து பார்த்தார். "ஏல, இது நம்ம ஊரு சீமைக்கருவேலம்ல!" என்றார். அங்கே அதை மெஸ்கீட் என்கிறார்கள். இரண்டும் ஒரே மரம் இல்லை, ஆனால் நெருங்கிய சொந்தம். சீமைக்கருவேலமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்குப் போன மரம்தான். அப்பா வந்த வழியில் எதிர்த்திசையில் போயிருக்கிறது. அந்தக் காயைக் கையில் வைத்திருந்த அந்த நிமிடத்திலேயே அவர் ஆடு வாங்க முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அப்பா கோவில்பட்டிப் பக்கத்து ஆள். தாத்தா ஆடு மேய்த்தவர். கன்னி ஆடு. கருப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. அப்பாவுக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்தபோது முதல் வருஷக் கட்டணத்துக்காகத் தாத்தா 11 ஆடுகளை விற்றார். இந்த மாதிரி ஒரு கதை உங்கள் வீட்டிலும் இருக்கும். மாடாக இருக்கலாம், நகையாக இருக்கலாம், அரை ஏக்கர் வயலாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது ஆடு. நான் ஹூஸ்டனில் பிறந்தவன், ஆட்டை முதலில் பார்த்தது மிருகக்காட்சிச் சாலையில். ஆனால் அந்த 11 என்ற எண் எனக்கு ஐந்து வயதிலிருந்தே தெரியும்.

வரிக்காகவும் ஆடு தேவைப்பட்டது. டெக்சாஸில் நிலத்தில் கால்நடை மேய்ந்தால் சொத்துவரியை விவசாய மதிப்பில் போடுவார்கள், மிகவும் குறையும். அப்பா 12 ஸ்பானிஷ் ஆடுகள் வாங்கினார். குட்டிகளை விற்கலாம் என்பது திட்டம். ஆனால் குட்டிகளுக்குப் பெயர் வைத்தார். பெயர் வைத்த குட்டியை யார் விற்பார்கள்? 2022-ல் 26 ஆடுகள் இருந்தன.

அப்பாவுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு நான் அங்கே நான்கு கேமராக்கள் வைத்தேன். அவர் தனியாகப் போய்க் கீழே விழுந்தால் தெரிய வேண்டுமே என்றுதான். அசைவு தெரிந்தால் படம் எடுத்துப் போனுக்கு அனுப்பும் கேமரா. வந்த படங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு அப்பா இல்லை. ஆடுகளும் மான்களும்தான்.

எனக்கு ஆடும் பிடித்தது, மானும் பிடித்தது. அலுவலகத்தில் நீளமான மீட்டிங் நடக்கும்போது அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாளில் இரண்டும் சாப்பிடும் விதமே வேறு என்று தெரிந்தது. ஆடுகள் கூட்டமாக வரும், பகலில் வரும், சத்தமாக வரும். ஒரு புதரைப் பிடித்தால் அதை முடித்துவிட்டுத்தான் நகரும். பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்காலால் கிளையை அமுக்கி, ஆறடி உயரத்தில் இருக்கும் இலையைக்கூடப் பறிக்கும். தாத்தா துரட்டியால் செய்த வேலையை அவை காலால் செய்தன. மான் அப்படி இல்லை. விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் இரண்டு மூன்றாக வரும். ஒரு கடி, இரண்டு அடி நடை, காது திருப்பல், மறுபடி ஒரு கடி. ஒரு செடியில் நுனியை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகும்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எங்கள் ஆசிரியை "நுனிப்புல் மேயாதே" என்று என்னைத் திட்டுவார். மேலோட்டமாகப் படிக்கிறேன் என்று அர்த்தம். மானைப் பார்த்த பிறகு அந்தத் திட்டு கொஞ்சம் அநியாயம் என்று பட்டது. இளம் நுனியில்தான் புரதம் அதிகம், நார் குறைவு. மான் சோம்பலால் நுனியைக் கடிக்கவில்லை, தேடித் தேர்ந்தெடுத்துக் கடிக்கிறது.

2022 கோடையில் மழையே இல்லை. ஜூலைப் படங்களில் ஒரு பெண்மானின் விலா எலும்புகளை என்னால் எண்ண முடிந்தது. இடது காதில் ஒரு கிழிசல் இருந்ததால் அதை அடையாளம் தெரியும். முந்தின வருஷம் இரண்டு குட்டிகளோடு வந்த மான். இந்தத் தடவை ஜூனில் ஒரு குட்டி கூட வந்தது, ஜூலையில் அதுவும் இல்லை. அதே கேமராவில் அதே வாரம் ஆடுகள் கொழுகொழு என்று இருந்தன.

ஒரே இடம், ஒரே வெயில். ஒன்று ஏன் நன்றாக இருக்கிறது, இன்னொன்று ஏன் காய்கிறது? என் வேலையே இந்த மாதிரிக் கேள்விதான். ஒரு கம்பெனியின் சிஸ்டம் மெதுவாகிறது என்றால் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் இரண்டு புரோகிராம்கள் ஒரே விஷயத்துக்காக அடித்துக்கொண்டிருக்கும். எதற்காக என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் நான் செய்தது தப்பான கணக்கு. கால்நடைக்காரர்கள் "ஒரு மாடு" என்பதை அளவாக வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஆறு ஆடு ஒரு மாட்டுக்குச் சமம், மானும் அதே மாதிரி ஆறோ ஏழோ. எங்கள் பக்கத்தில் ஒரு மாட்டுக்கு 20 ஏக்கருக்கு மேல் வேண்டும். அப்படியென்றால் 32 ஏக்கர் ஒன்றரை மாட்டைத் தாங்கும். அப்பாவின் 26 ஆடுகள் மட்டுமே நான்கு மாட்டுக்கு மேல். வந்துபோகும் மான்கள் இன்னொரு மாடு. மூன்று மடங்குக்கும் மேல் பாரம். சரி, இதனால் நிலம் காய்கிறது என்று புரிகிறது. ஆனால் ஆடு ஏன் காயவில்லை என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை.

பதில் தமிழிலேயே இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. "புல்பூண்டு" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம் இல்லையா? அது இரண்டு சொல், இரண்டு சாப்பாடு. புல் என்றால் நீளமான மெல்லிய இலை, நார் நிறைய. பூண்டு என்றால் மழைக்குப் பிறகு முளைக்கும் மென்மையான சின்னச் செடிகள், காட்டுப் பூச்செடிகள். மூன்றாவது தழை: மரத்திலும் புதரிலும் இருக்கும் இலை. மேய்ச்சல் நிலத்தில் இந்த மூன்று கடைகள்தான் உண்டு. மாடு முக்கியமாகப் புல்லுக்குப் போகும். வெள்ளைவால் மான் பூண்டுக்கும் தழைக்கும் போகும், அதன் சாப்பாட்டில் புல் பொதுவாகப் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆடு மூன்று கடைகளிலும் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர். தழைதான் ரொம்பப் பிடிக்கும். ஆனால் சில பருவங்களில் அது தின்பதில் பாதிவரைகூடப் புல்லாக இருக்கும்.

இதற்குக் காரணம் வயிறு. ஹோஃப்மன் என்ற உடற்கூற்று அறிஞர் 1989-ல் ஒரு கட்டுரையில் அசைபோடும் மிருகங்களை மூன்று வகையாகப் பிரித்தார்: தேர்ந்தெடுத்துத் தின்பவை, புல் தின்பவை, நடுவில் இருப்பவை. வெள்ளைவால் மான் முதல் வகை. ஆடு நடு வகை. மானின் ரூமன், அதாவது முதல் வயிறு, உடம்போடு ஒப்பிட்டால் சின்னது. சாப்பாடு அதில் சீக்கிரம் நகர்ந்துவிடும். சத்தான, எளிதில் செரிக்கும் உணவு என்றால் இது நல்ல ஏற்பாடு. காய்ந்த புல்லைக் கொடுத்தால் அதை உடைக்க நேரம் போதாது. வயிறு நிறைந்திருக்கும், மான் பட்டினியில் இருக்கும். அதற்குப் பதிலாக மானுக்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. ஓக் இலையில் துவர்ப்பாக இருக்கும் டேனினைப் பிடித்துக் கட்டிப்போடும் புரதம் அதன் எச்சிலிலேயே உண்டு.

ஆடும் எல்லாவற்றையும் தின்னாது. ஆடாதொடை, ஆடுதின்னாப்பாளை என்று செடிகளுக்கே பெயர் வைத்தவர்கள் நம் ஆட்கள். ஆட்டைப் பின்னால் நின்று நாள் முழுக்கப் பார்த்தவர்கள் வைத்த பெயர். ஆனாலும் ஆட்டின் பட்டியல் நீளம். அங்கே ஜூனிபர் மரம் எங்கும் இருக்கிறது, ஊர்க்காரர்கள் சீடர் என்பார்கள். அதன் இலையில் இருக்கும் காரமான எண்ணெயால் மான் வேறு வழியில்லாமல்தான் அதைத் தொடும். ஆடு ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஜூனிபரை விரும்பித் தின்னும் ஆடுகளையே டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தெடுத்துப் பெருக்கியிருக்கிறார்கள்.

இப்போது ஜூலைப் படம் புரிந்தது. வசந்தத்தில் பூண்டு, அப்புறம் நல்ல தழை, இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டை. ஆடும் மானும் ஒரே வரிசையில் ஒரே சாப்பாட்டுக்கு நின்றன. அது தீர்ந்ததும் ஆடு புல்லுக்கும் ஜூனிபருக்கும் மாறிக்கொண்டது. மானுக்கு மாற இடம் இல்லை. நிலத்தில் எல்லா மரமும் ஆறடிக்குக் கீழே கத்தரித்த மாதிரி மொட்டையாக இருந்தது. அழகாக இருக்கிறது, பூங்கா மாதிரி என்று அம்மா சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மானால் அவ்வளவு உயரத்துக்கு எட்டாது.

நான் அப்பாவிடம் படங்களையும் கணக்கையும் காட்டினேன். பிரசன்டேஷன் மாதிரி, லேப்டாப்பில். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"மானுக்காக என் ஆட்டை விக்கச் சொல்றியா?"

"அப்பா, 26 ரொம்ப அதிகம். எட்டு வச்சுக்கலாம்."

"மான் யாரோடது? நம்மளோடதா? அது வேலி தாண்டி வருது, போகுது. ஆடு நம்மளோடது." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆடுதான்ல உன்னை இங்க பொறக்க வச்சுது" என்றார்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. திரும்பி வரும்போது இரண்டரை மணி நேரமும் காரில் பாட்டுகூடப் போடவில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். அவர் வீட்டிலும் ஒரு காலத்தில் ஆடுதான், மோஹேர் முடிக்காக வளர்க்கும் அங்கோரா ஆடு. 1954-ல் வந்த ஒரு சட்டத்தால் மோஹேருக்கு அரசு மானியம் இருந்தது, 1995-க்குப் பிறகு நின்றுபோனது. ஆடுகளும் குறைந்துபோயின. "என் அப்பா காலத்தில் மானே அபூர்வம்" என்றார். ஸ்க்ரூவர்ம் என்று ஒரு ஈ, பிறந்த குட்டியின் தொப்புளில் முட்டையிட்டு அதன் புழு சதையைத் தின்னுமாம். மலட்டு ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு அந்த ஈயை ஒழித்தார்கள். டெக்சாஸில் அது முடிவுக்கு வந்தது 1982-ல். அப்புறம் மான் பெருகிவிட்டது. ஓநாய் அதற்கும் முன்பே போய்விட்டது. நான் "காட்டு மான்" என்று பரிதாபப்பட்ட பிராணி, இந்த எண்ணிக்கையில் இங்கே இருப்பதும் மனிதன் செய்த வேலைதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

2023 பிப்ரவரியில் அப்பாவிடம் வேறு மாதிரிக் கேட்டேன். விற்க வேண்டாம், ஒரு சோதனை செய்யலாம் என்று. அவரும் இன்ஜினியர்தான், சோதனைக்கு மறுப்புச் சொல்ல முடியாது. அரை ஏக்கருக்கு நான்கடி வேலி போட்டோம். ஆடு உள்ளே போகாது, மான் தாண்டிவிடும். அதற்குப் பக்கத்தில் யாரும் நுழைய முடியாத ஒரு கம்பிக்கூண்டு, மேலேயும் மூடியது. மூன்றாவது, வேலிக்கு வெளியே எல்லாருக்கும் திறந்த இடம். கம்பத்துக்குக் குழி தோண்டியதில், அந்தக் கல்லில், எனக்குக் கையில் கொப்புளம். அப்பா நிழலில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் ஆழம்" என்று மேற்பார்வை பார்த்தார்.

ஏப்ரலில் கொஞ்சம் மழை கிடைத்தது. மே மாதம் கூண்டுக்குள் பார்த்தபோது நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். பெயரே தெரியாத பூச்செடிகள். கிரீன்பிரையர் என்ற முள்கொடி, மானுக்கும் ஆட்டுக்கும் உயிர், கூண்டின் கம்பியைப் பிடித்துப் பாதி ஏறியிருந்தது. ஸ்பானிஷ் ஓக் கன்றுகள் நான்கு. அந்த நிலத்தில் அதுவரை ஸ்பானிஷ் ஓக் கன்று ஒன்றைக்கூட நாங்கள் பார்த்ததில்லை, பெரிய மரங்கள் மட்டும்தான். திறந்த இடத்தில் கல்லும், ஜூனிபரும், ஆடும் வேண்டாம் என்று ஒதுக்கிய பெர்சிமன் புதரும்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்பா அரை ஏக்கர் வேலிக்குள் குனிந்து நடந்தார். புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது, யாரும் தொடவில்லை. பூண்டு கொஞ்சம் இருந்தது, நுனி கடிபட்டு. கிரீன்பிரையர் சாண் உயரம்கூட இல்லை. ஓக் கன்று ஒன்றே ஒன்று, அதன் தலையும் போயிருந்தது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பாத்தியால? இங்க ஆடு வரல. இது யாரு தின்னது?"

மறுக்க முடியவில்லை. ஆடு இல்லாத இடம் திறந்த இடத்தைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தது. ஆனால் மான்களே தங்களுக்குப் பிடித்த செடியைத் தலையெடுக்க விடவில்லை என்பதும் கண்ணெதிரே இருந்தது. ஆட்டுக்குச் சொந்தக்காரன் இருக்கிறான், குறைக்கச் சொல்லிச் சண்டை போடலாம். மானை யார் குறைப்பது?

மாநில வனவிலங்குத் துறையில் இலவசமாக ஆலோசனை சொல்லும் ஒரு உயிரியலாளர் வந்து பார்த்தார். ஓநாய் இல்லாத ஊரில் அதன் வேலையைத் துப்பாக்கிதான் செய்கிறது, அதிலும் பெண்மான் குறைந்தால்தான் எண்ணிக்கை குறையும் என்று நிதானமாகச் சொன்னார். மொழிபெயர்க்கத் தேவையே இல்லை, அப்பாவுக்கு நன்றாகப் புரிந்தது. என்னைப் பார்த்தார்.

"நான் 18 விக்கிறேன். நீ?"

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். ஆட்டை ஏலத்துக்கு அனுப்பு என்று லேப்டாப்பைத் திறந்து சொன்னவன் நான்தான். அந்த ஆடுகள் ஏலத்திலிருந்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பார்க்க வேண்டியதில்லை என்பதால் சுலபமாக இருந்தது.

அக்டோபரில் அப்பா 18 ஆடுகளை ட்ரெய்லரில் ஏற்றினார். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஏற்றினார், நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாத்தா அந்த 11 ஆடுகளைச் சந்தைக்கு நடத்திக்கொண்டு போனபோது தான் கூடப் போகவில்லை என்று வண்டியில் வரும்போது சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்தக் கதையின் இந்தப் பகுதியை அவர் சொன்னதில்லை. காலேஜுக்குப் பெட்டி கட்டுகிறேன் என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாராம்.

நவம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டைக் காலம் தொடங்கியது. பக்கத்து நிலத்துக்காரர் வந்தார். இரண்டு பெண்மான்கள் என்று பேசிக்கொண்டோம். நான் சுடவில்லை, எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் இருக்கவும் இல்லை. அவர் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். காது கிழிந்த மானை வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அதில் எந்தத் தர்க்கமும் இல்லை. அவரும் காரணம் கேட்கவில்லை.

வரிக்கு இப்போது ஆடு அவசியம் இல்லை. 1995-லிருந்து வனவிலங்குப் பராமரிப்பையும் விவசாயமாகவே டெக்சாஸ் கணக்கில் எடுக்கிறது. ஏழு வேலைகளில் மூன்றாவது செய்ய வேண்டும். நாங்கள் புதர்களைச் சீர்செய்கிறோம், தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறோம், மானை எண்ணுகிறோம். எண்ணுவது என் பொறுப்பு. மிச்சம் எட்டு ஆடுகள், சுற்று முறையில்: ஒரு பக்கம் மேயும்போது மற்ற பக்கங்களுக்கு ஓய்வு. வேலிக்கதவை எப்போது மாற்றுவது என்பதை அப்பா செடியைப் பார்த்துச் சொல்வார், நான் ஸ்ப்ரெட்ஷீட்டைப் பார்த்துச் சொல்வேன். பெரும்பாலும் அப்பா சொல்வதுதான் சரியாக இருக்கிறது.

2024 ஜூனில் காது கிழிந்த மான் ஒரு குட்டியோடு கேமராவில் வந்தது. அந்த வசந்தத்தில் மழையும் பெய்திருந்தது, அதனால் ஆடு குறைந்ததால் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். படத்தை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அம்மா இதயம் போட்டார். அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் அனுப்பவில்லை. ராத்திரி ஒரு வரி வந்தது. தமிழில் டைப் செய்ய அவருக்கு நேரம் ஆகும்.

"பின்னால கிரீன்பிரையர் தெரியுது பாரு. முழங்கால் வரைக்கும் வந்திருக்கு."